13 வயது, 172 செ.மீ.: மகள் கூன் போட ஆரம்பித்துவிட்டாள்

பொங்கோல்_மீனா
சனி, இரவு 10:40

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் சமையல் பகுதியில்தான் இருப்பேன், இந்தப் பக்கம் எழுதுவது முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு மார்ச்சில் 13 முடிந்தது. உயர்நிலை 1. போன வாரம் பள்ளியில் அளந்தபோது 172 செ.மீ. நான் 160, அவள் அப்பா 183. தொடக்கநிலை 4 வரை வகுப்பில் கொஞ்சம் உயரமான பிள்ளை, அவ்வளவுதான். தொடக்கநிலை 5 ஆண்டிறுதி விடுமுறையில் பனைமரம் மாதிரி (பாருங்கள், நானே எப்படி எழுதுகிறேன்) கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் பாம் ஷெல்டர் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) கதவை ஒட்டிய சுவரில் இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் பென்சிலால் குறித்து வைப்போம். ஜூன் விடுமுறைக்கு ஒரு கோடு, தீபாவளிக்கு ஒரு கோடு. 164-க்கு அப்புறம் அவள் கோடு இல்லை. தம்பி மட்டும் போய் நிற்கிறான்.

இப்போது தோளை முன்னால் குவித்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடக்கிறாள். தோழிகளோடு எடுத்த படம் ஒன்று பார்த்தேன். காலை நன்றாக அகட்டி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிறாள். ஐந்து பேரும் ஒரே உயரமாகத் தெரிய வேண்டுமாம். சாப்பாட்டுக்கடை வரிசையில் நிற்கும்போதுகூட ஒரு காலை மடக்கித்தான் நிற்கிறாள். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை “நிமிர்ந்து நில்லு” என்று சொல்கிறேன். பலன் இல்லை. “அழகா இருக்கேடி” என்றால், “அம்மா, நீங்க அப்படித்தான் சொல்லியாகணும்” என்கிறாள்.

இரண்டு மாதம் முன்னால் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சித்தி, “இவளுக்கு ஏணி வச்சுத்தான் தாலி கட்டணும் போல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீடு எதற்கும் வர மாட்டேன் என்கிறாள். தீபாவளிக்குத் தாவணி தைக்கலாம் என்றேன், வேண்டாம், டி-ஷர்ட் போதும் என்றாள்.

என்ன செய்வது? உயரமான பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


அஞ்சடி_நாலு
சனி, இரவு 11:05

மீனா, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: நான் 163 செ.மீ., ஆண், வயது 41. தேசிய சேவையில் என் செக்‌ஷனே என்னை “லிட்டில் பிரதர்” என்றுதான் கூப்பிட்டது. பெருவிரைவு ரயிலில் காலை நேரக் கூட்டத்தில் என் மூக்கு எப்போதும் அடுத்தவர் அக்குளுக்கு நேராகத்தான் இருக்கும். உயரம் வரம். கொஞ்சம் இங்கே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.


தெம்பனிஸ்_ராஜி
சனி, இரவு 11:12

பேசாமல் கூடைப்பந்தோ நெட்பாலோ சேர்த்துவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும். பேட்மின்டன் சிந்துவைப் பாருங்கள், 179 செ.மீ. இல்லையா? ரியோவில் வெள்ளி, தோக்கியோவில் வெண்கலம்.


கொடிமரம்
ஞாயிறு, காலை 7:20

இந்தப் பெயர் நானே வைத்துக்கொண்டது. பள்ளியில் வைத்த பெயர் வேறு, அதை எழுத மாட்டேன். 181 செ.மீ., வயது 38, ஜூரோங் வெஸ்ட்.

முதலில் ராஜிக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம். சிந்து ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கிய 2016-லிருந்து இன்றுவரை என்னைப் பார்க்கும் ஒவ்வொரு மாமாவும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார். நான் பேட்மின்டன் மட்டையைத் தொட்டதே கிடையாது. வங்கியில் கணக்குப் பார்க்கிறேன். சிந்துவுக்கு முன்னால் “மேல காத்து நல்லா வருதா?” என்று கேட்பார்கள். அதைக் கேட்பவர் ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டுதான் கேட்பார்.

மீனா, உங்கள் மகளுக்கு உயரம் மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். எனக்கு இருந்த பெரிய பிரச்சினை, என்னை யாரும் என் வயதுக்கு நடத்தவில்லை. இங்கே சிங்கப்பூரில் ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பேருந்தும் ரயிலும் இலவசம், ஆனால் 0.9 மீட்டரைத் தாண்டிவிட்டால் சலுகை அட்டை காட்ட வேண்டும். என் தங்கையின் மகளும் என்னைப் போலத்தான். ஐந்து வயதில் அந்த அட்டையைக் காட்டும்போதுகூட பக்கத்து சீட்டில் இருப்பவர் அம்மாவைச் சந்தேகமாகப் பார்ப்பார். நான் ஒன்பது வயதில் புளோக் கீழே ஊஞ்சல் ஆடினால், “இவ்வளவு பெரிய பொண்ணு சின்னப் பிள்ளைங்க இடத்தில் என்ன பண்றே?” என்று ஒரு ஆன்ட்டி விரட்டுவார். பத்து வயதில் கீழே விழுந்து அழுதால், “ஆள் மட்டும் வளர்ந்திருக்கு.” வீட்டில் என் அக்கா தப்பு செய்தாலும் முதல் திட்டு எனக்கு, ஏனென்றால் பார்க்க நான்தான் மூத்தவள். உங்கள் மகளுக்கு 13தான். அதை வீட்டில் யாராவது மறந்துவிடுகிறீர்களா என்று பாருங்கள்.

அப்புறம் பரதம். எட்டு வருடம் கற்றுக்கொண்டேன், எட்டு வருடமும் நான்தான் கண்ணன். ஒரு தடவைகூட ராதை கிடையாது. ராமாயணம் போட்டால் ராமன். ஆண்டு விழாவில் மற்றப் பிள்ளைகள் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு நிற்க, நான் மயிற்பீலியும் மையில் வரைந்த மீசையுமாக நிற்பேன். பன்னிரண்டு வயதில் ஒப்பனை அறையில் அழுது அந்த மை கன்னமெல்லாம் வழிந்தது. டீச்சர் திட்டினார்கள், நேரமாகிவிட்டது என்று. இருபத்தைந்து வயதில் நானே கேட்டு ராவணன் ஆடினேன், அது வேறு கதை.

எனக்கு உதவியது என்ன என்று யோசித்துப் பார்த்தால், அப்பா செய்த ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அவர் 168. என் உயரத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை, நல்லதாகவும் சரி கெட்டதாகவும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மரக்கட்டையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, என் படிப்பு மேசையின் நாலு காலுக்கும் கீழே வைத்தார். அதற்கு முன்னால் என் முழங்கால் அந்த மேசையின் இழுப்பறையில் இடித்துக்கொண்டே இருக்கும், அதனால் பக்கவாட்டில் உட்கார்ந்து வளைந்து எழுதுவேன். அதை அவர் எப்போது கவனித்தார் என்று இன்றுவரை தெரியாது.

என் கணவர் 172. கல்யாணத்தன்று படம் எடுப்பவர் அவர் நிற்கச் சின்ன ஸ்டூல் ஒன்றை ரகசியமாகக் கொண்டுவந்தார். அவர் அதை வாங்கி என் மாமியாருக்கு உட்காரக் கொடுத்துவிட்டார்.


வளையம்
ஞாயிறு, காலை 10:15

கொடிமரம் அக்கா சொன்ன பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் நெட்பால் பேச்சு வந்ததால் சொல்லியாக வேண்டும். நான் பள்ளியில் நெட்பால் ஆடியவள். 166 செ.மீ., அந்தக் காலத்து அணியில் அதுவே பெரிய விஷயம்.

2018 செப்டம்பரில் ஆசிய நெட்பால் போட்டி இங்கே சிங்கப்பூரில் நடந்தது. இறுதியாட்டம் நமக்கும் இலங்கைக்கும். போய்ப் பார்த்தேன். இலங்கை அணியில் தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண், 208 செ.மீ. அவர் 2011-ல் உலகப் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோதும் வந்து ஆடியிருக்கிறார். வளையத்தின் உயரம் 3.05 மீட்டர். பந்தை அவர் தலைக்கு மேலே உயர வீசுவார்கள். நம் பிள்ளைகள் இரண்டு பேர் குதித்துப் பார்ப்பார்கள். அவர் குதிக்கவே மாட்டார். இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாகத் திரும்பி, போடுவார். 69-50. நாம் தோற்றோம். எனக்கு வருத்தம்தான், ஆனால் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு அம்மா ஒவ்வொரு கோலுக்கும் “எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை” என்று பக்கத்தில் இருந்த சீனப் பெரியவரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே இன்னொரு டிக்கெட் வாங்கலாம்.

அந்தக் காணொளிகள் இணையத்தில் கிடைக்கும். மகளுக்கு அனுப்பலாம். ஆனால் “பார், நீயும் இப்படி ஆகலாம்” என்று சேர்த்து அனுப்பாதீர்கள். உயரம் இருந்தால் மட்டும் அந்த ஆட்டம் வராது. தடுப்பவர் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு முகத்துக்கு நேராகத்தான் நிற்பார். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. குறி தவறினால் தவறியதுதான். என் அண்ணன் மகளை உயரமாக இருக்கிறாளே என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். இரண்டு வருடம் வாந்தி எடுத்துக்கொண்டே பயிற்சிக்குப் போனாள் பாவம். அப்புறம் தைரியம் வந்து நாடக மன்றத்துக்கு மாறிவிட்டாள். என்னிடம் இன்னும் முழுசாகப் பேசுவதில்லை.


பொங்கோல்_மீனா
ஞாயிறு, பிற்பகல் 2:30

எல்லாருக்கும் நன்றி. கொடிமரம், உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். மேசையைப் போய்ப் பார்த்தேன். தொடக்கநிலை 1-ல் வாங்கியது!

விளையாட்டு பற்றி: அவளுடைய இணைப்பாட நடவடிக்கை பள்ளி பேண்ட், கிளாரினெட் வாசிக்கிறாள். பள்ளி தொடங்கிய முதல் வாரமே இரண்டு டீச்சர்கள் நெட்பாலுக்குக் கேட்டார்களாம். மூன்றாவதாக நானும் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள். கிளாரினெட் உட்கார்ந்து வாசிப்பது என்பதால்தான் பிடித்திருக்கிறதோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

இன்னொரு கேள்வி. என் மாமியார், வளர்வதை நிறுத்த மாத்திரை இருக்கிறதாமே, கேட்டுப் பார் என்கிறார். இன்னும் எவ்வளவு வளர்வாள்?


இரவு_ஷிஃப்ட்
ஞாயிறு, மாலை 6:50

தாதி நான், சிறார் பிரிவில் பல வருடம். உங்கள் பிள்ளையைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

பெண் பிள்ளைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அப்பா உயரத்தில் 13 செ.மீ. கழித்து, அம்மா உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 165 வருகிறது. அதற்கு மேலும் கீழும் சுமார் 8.5 செ.மீ. வரை சாதாரணம். அதாவது 173 சொச்சம் வரை உங்கள் குடும்பத்துக்கு எதிர்பார்க்கக்கூடியதுதான். 172 என்பது மேல் விளிம்பு, ஆனால் உள்ளேதான். கொஞ்சம் தாண்டினாலும் பயப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு வளர்வாள் என்பது வயதுக்கு வந்து எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது அதற்கு முந்தைய ஒன்றரை இரண்டு வருடத்தில்தான். பூப்பெய்திய பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ., அதுவும் இரண்டு வருடத்துக்குள் மெல்ல நின்றுவிடும். எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடிக்கொண்டால் முடிந்தது.

பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேடு பரணில் எங்காவது கிடக்கும், எடுங்கள். அதில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். சின்ன வயதிலிருந்தே மேல் கோட்டை ஒட்டியே வந்திருந்தால் அது அவள் வழி. திடீரென்று கோடு மாறி மேலே பாய்ந்திருந்தாலும், எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர ஆரம்பித்திருந்தாலும், கை கால் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு நீண்டு பார்வைக் கோளாறோ இதயக் கோளாறோ சேர்ந்து இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவள் குனிந்து தரையைத் தொடும்போது பின்னால் நின்று பாருங்கள். முதுகில் ஒரு பக்கம் மேடு தட்டினால், அல்லது ஒரு தோள் எப்போதும் இறங்கியே இருந்தால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். வேகமாக வளரும் வயதில் பெண் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது உண்டு. பள்ளிப் பரிசோதனையிலும் பார்ப்பார்கள். கூன் போடுவதால் அந்த வளைவு வராது, அது வேறு இது வேறு.

மாத்திரை விஷயம். மாமியார் சொல்வது முழுக் கற்பனை இல்லை. ஆஸ்திரேலியாவில், மெல்பர்னில், 1959-லிருந்து உயரமான பெண் பிள்ளைகளுக்கு ஈஸ்ட்ரஜன் அதிக அளவில் கொடுத்து வளர்ச்சித் தட்டைச் சீக்கிரம் மூடவைத்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்கூடச் செய்தார்கள். நோய் ஒன்றும் கிடையாது, உயரமான பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டார் என்ற கவலைதான் பெரும்பாலும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அவர்களில் பலருக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் இருந்ததாக 2004-ல் ஆய்வு வெளிவந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மாப்பிள்ளைக் கவலை நம் ஊர் சொத்து மட்டும் இல்லை என்று தெரிந்துகொள்வார்.


ஈசூன்_செல்லம்மா
ஞாயிறு, இரவு 8:05

மகளே மீனா, எனக்கு 70 ஆகப்போகிறது. பேரன் சொல்லிக்கொடுத்து எழுதுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடு.

அந்தச் சித்தியிடம் ஒன்று கேள். தாலி கட்டும்போது பெண் மணையில் உட்கார்ந்துதானே இருப்பாள்? ஏணி எதுக்கு? எந்த ஊரில் நிற்கவைத்துத் தாலி கட்டுகிறார்கள்?

என் அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் அடியில் மூன்று டக் பிடித்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒன்று பிரிப்பார்கள். பிரித்த இடத்தில் பட்டு புதுசாக, கொஞ்சம் கருஞ்சிவப்பாக, கோடு மாதிரி தெரியும். நாங்கள் அந்தக் கோட்டை எண்ணி, யார் எத்தனை கோடு வளர்ந்தோம் என்று பெருமை பேசுவோம். அப்போதெல்லாம் வளர்வது சந்தோஷமான காரியமாகத்தான் இருந்தது.


கேட்டுச்சொல்
ஞாயிறு, இரவு 9:30

செல்லம்மா பாட்டி, அருமை!

மீனா, ஒன்று கேட்கலாமா? சித்தி அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?


பொங்கோல்_மீனா
திங்கள், இரவு 12:10

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி அழித்துவிட்டேன்.

நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, சபையில் எல்லாரும் சிரிக்கும்போது வருமே அந்தச் சிரிப்பு. அதோடு விட்டேனா? “ஆமா சித்தி, மாப்பிள்ளை ஆர்டர் கொடுத்துத்தான் செய்யணும்” என்று ஒரு வார்த்தை நானும் போட்டேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இலையில் இருந்த ஜாங்கிரியைப் பிய்த்துப் பிய்த்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

முதல் பதிவில் இதை நான் எழுதவில்லை. சித்தியைப் பற்றி மட்டும் எழுதினேன்.


நேர்படப்பேசு
திங்கள், காலை 8:45

என்னைக் கேட்டால் இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் காலத்தில் கறுப்பி, சோடாபுட்டி, தொப்பை என்று எல்லாரையும் எல்லாமும் சொன்னார்கள். யாரும் மருத்துவரிடம் ஓடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டால் சுருங்கி மனசு. சொந்தக்காரர்கள் உரிமையில் கேலி செய்வார்கள். அதையும் எடுத்துவிட்டால் அப்புறம் சொந்தம் எதற்கு?


பெயர்_வேண்டாம்_16
திங்கள், மாலை 4:20

நான் 16, உயர்நிலை 4, 176 செ.மீ. அம்மா கணக்கிலிருந்து எழுதுகிறேன், அம்மாவுக்குத் தெரியும்.

நேர்படப்பேசு அங்கிள், உங்களை 40 வருஷத்துக்கு முன்னால் சொன்ன மூன்று பெயரும் உங்களுக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கிறதே?

மீனா ஆன்ட்டி, “நிமிர்ந்து நில்லு” என்பதை நிறுத்துங்கள் ப்ளீஸ். எங்களுக்கு அது “நீ குனிகிறாய் என்பதையும் நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்” என்றுதான் கேட்கும். ஏற்கனவே எல்லாரும் பார்க்கிறார்கள். வீட்டிலாவது யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

படம் எடுக்கும்போது “நீ பின்னால போ” என்று சொல்லாதீர்கள். நாங்களே போவோம், எங்களுக்குத் தெரியும். சொல்லும்போதுதான் கோபம் வரும். நீங்களும் ஒரு தடவை எங்களோடு பின்னால் வந்து நில்லுங்கள், தலை தெரியாவிட்டால் பரவாயில்லை.

எனக்கு மாறியது தேசிய மாணவர் காவல்படையில். அணிவகுப்பில் உயரப்படி நிறுத்துவார்கள், வலது ஓரத்தில் ரைட் மார்க்கர் நான். மற்ற எல்லாரும் என்னைப் பார்த்துத்தான் வரிசையைச் சரி செய்ய வேண்டும். நான் குனிந்தால் மொத்த வரிசையும் கோணல். ஆனால் அதற்காக அவளை அதில் சேர்க்காதீர்கள்! நான் என் தோழி சேர்ந்தாள் என்றுதான் சேர்ந்தேன்.


அஞ்சடி_நாலு
திங்கள், மாலை 5:00

தங்கச்சி, அந்த அங்கிளுக்குச் சொன்ன பதிலைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். உங்களைத்தான் அடுத்த நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும்.

என் “உயரம் வரம்” பதிலையும் திரும்பப் பெறுகிறேன். என்னிடம் யாராவது “குள்ளமா இருந்தா நல்லதுதானே, விமானத்தில் கால் இடிக்காது” என்றால் எனக்கும் பற்றிக்கொண்டுதான் வரும்.


ஊசிநூல்
திங்கள், இரவு 9:15

நான் வீட்டில் தையல் எடுத்துச் செய்கிறேன். உயரமான பெண் பிள்ளைகள் தாவணி வேண்டாம், புடவை வேண்டாம் என்றால் பாதிக் காரணம் மனசு, மீதிக் காரணம் அளவு. ரெடிமேட் உள்பாவாடை 38, 40 இன்ச்சில்தான் வரும். 172 பிள்ளைக்கு அது கணுக்காலுக்கு மேலே நிற்கும். மேலே கட்டும் துணியும் சேர்ந்து ஏறும். நடந்தால் கால் தெரியும். அதை மறைக்கத்தான் முதுகை வளைப்பார்கள். 43 இன்ச் வெட்டித் தையுங்கள். தாவணிப் பாவாடைக்கு அடியில் நாலு இன்ச் உள்மடிப்பு விடுங்கள், செல்லம்மா அம்மா சொன்ன டக் மாதிரி. ரவிக்கை நீளம் சாதாரணமாக 14 இன்ச் வைத்தால் இவளுக்கு 15, 15 அரை வேண்டும். இல்லையென்றால் கையைத் தூக்கும்போதெல்லாம் இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். ரெடிமேட் சுடிதாரில் இடுப்பு வளைவு மார்புக்குக் கீழேயே வந்து உட்கார்ந்துவிடும், துணி எடுத்துத் தைப்பதே மேல்.

தேக்கா மார்க்கெட் மாடியில் தையல்காரர்கள் இருக்கிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனால், அளவு எடுக்கும்போது “அம்மாடி, எவ்வளவு உயரம்!” என்று சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே தனியாகப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள், நான் இதைச் செய்யச் சொல்லிய அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, தொழில் பேச்சு. பத்து இன்ச் பார்டர் வைத்த காஞ்சிபுரம் ஐந்தடிப் பெண் கட்டினால் கெண்டைக்கால் பாதி வரை பார்டர்தான் தெரியும். அதைக் கட்ட ஆள் உயரம் வேண்டும். என் அலமாரியில் அப்படி ஒன்று இருபது வருடமாகத் தூங்குகிறது.

பள்ளி ஷூ கேட்பீர்கள் என்று தெரியும். 42-க்கு மேல் என்றால் ஆண்கள் பகுதிக்குப் போய்விடுங்கள், வெள்ளை ஷூவில் ஆண் என்ன பெண் என்ன.


பொங்கோல்_மீனா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10:20

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.

முதலில், மன்னிப்புக் கேட்டேன். பாத்திரம் துலக்கும்போது, அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். “அன்னைக்குப் பந்தியில் நான் சிரிச்சிருக்கக்கூடாது” என்றேன். “ம்” என்றாள். ஒரு தட்டைத் துடைத்துத் துடைத்து ரொம்ப நேரம் வைத்திருந்தாள். “சித்தி சொன்னது பரவாயில்லம்மா. நீங்க ஆர்டர்னு சொன்னீங்க பாருங்க.” அவ்வளவுதான். அப்புறம் நானும் பேசவில்லை.

மேசை மாற்றிவிட்டோம். அவள் அப்பா கட்டை வைக்கிறேன் என்று கிளம்பி, கோணலாக அறுத்து, கடைசியில் உயரம் கூட்டிக் குறைக்கும் மேசை ஒன்று பழசாக இணையத்தில் வாங்கினார். “நிமிர்ந்து நில்லு” சொல்வதை நிறுத்தியாயிற்று. வாய் வரைக்கும் வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். முதுகைக் குனிந்து பார்க்கச் சொன்னீர்களே, பார்த்தோம், சரியாகத்தான் இருக்கிறது. சுகாதாரக் கையேட்டில் இரண்டு வயதிலிருந்தே மேல் கோட்டில்தான் வந்திருக்கிறாள்.

மாமியாரிடம் மெல்பர்ன் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “வெள்ளைக்காரனுக்குமா மாப்பிள்ளை கிடைக்கல?” என்றார். மாத்திரைப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று ஒரு வளைகாப்பு. அவளை வரச் சொல்லி வற்புறுத்தவில்லை, அவளே வந்தாள், ஜீன்ஸில். அதே சித்தி. அதே ஏணி. செல்லம்மா அம்மா, நீங்கள் சொன்னதை நான் மூன்று வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “மணையில உட்கார்ந்துதானே சித்தி தாலி கட்டுவாங்க, ஏணி எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை சித்தியைப் பார்த்து. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை. மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. எல்லார் முன்னாலும் சொன்னாள்: “எனக்கு 13 வயசு. நீங்க ரெண்டு பேரும் ஏன் என் தாலியைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க?”

அங்கே ஒரு நிமிடம் வளையல் சத்தம்கூட இல்லை. எனக்கும் சரியான அடி. சொல்லும்போது எழுந்து நின்றுதான் சொன்னாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.


கொடிமரம்
ஞாயிறு, இரவு 10:41

மீனா, அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.


ஈசூன்_செல்லம்மா
ஞாயிறு, இரவு 10:58

நான் சொன்னதும் தப்புதான் போலிருக்கிறது. பேத்தி கெட்டிக்காரி.


ஊசிநூல்
ஞாயிறு, இரவு 11:10

தாவணி என்னாச்சு?


பொங்கோல்_மீனா
திங்கள், காலை 6:55

தாவணி இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். ஆனால் உங்கள் அலமாரியில் தூங்கும் அந்தப் புடவையின் நிறம் என்ன என்று கேட்கச் சொன்னாள். அவளும் இந்த இழையைப் படித்துவிட்டாள், நானே காட்டினேன். முதல் பதிவில் “பனைமரம்” என்ற இடத்தை அழிக்கச் சொல்கிறாள். எப்படி அழிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

காலையில் பாம் ஷெல்டர் பக்கம் புதுசாக இரண்டு பென்சில் கோடு. ஒன்றில் அவள் பெயர், 172.5. இன்னொன்று அதற்கு ரொம்பக் கீழே: “அம்மா, 158. 160 என்று சொல்லிக்கொள்வது பொய்.” தூங்கி எழுந்து தண்ணீர் குடிக்க நின்றபோது தலைக்கு மேல் ஸ்கேலை வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.


இரவு_ஷிஃப்ட்
திங்கள், காலை 7:30

காலையில் அளந்தால் ஒரு செ.மீ. கூடுதலாகத்தான் காட்டும். மாலையில் அளந்தால் இன்னும் குறையும். 160-ஐ மறந்துவிடுங்கள்.


ஊசிநூல்
திங்கள், காலை 7:48

அரக்கு. பார்டர் மாம்பழ மஞ்சள்.